கல்யாண வீட்டுக்குப் போன கிடாரம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நஜ்முன் நிஸாவை வாசல் சீலைக்குப் பின்னால், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கவிட்டு வந்தோம். தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆள் இன்னும் ஆறவில்லை.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிண்ணியாவில் அந்த வீடு நிஸாவுக்குச் சீதனமாக வந்தது. அவள் அதை மூத்த மகள் பஸ்மியாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்து இரண்டு அறைகளில் புருஷன் முத்தலிபோடும் கடைக்குட்டி நுஸ்ரத்தோடும் இருக்கிறாள். முன்பக்கத்தில் மகளும், மருமகன் அப்ராஸும், அவர்களுடைய நாலு வயது மகனும். அப்ராஸ் ஹார்ட்வெயார் கடைக்காரன். கெட்டவன் இல்லை. தான் நல்லவன் என்பதில் கொஞ்சம் அதிகமாக நம்பிக்கை வைத்திருப்பவன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோடு பயணம். முதல் நாள் மின்னேரியாவில் ஜீப் ஏறி யானை பார்ப்பது. அடுத்த நாள் மாத்தளைக்கு மேலே ரிவர்ஸ்டன் மலையில் நடந்து ஏறுவது. திட்டம் முழுக்க அப்ராஸுடையது. வியாழக்கிழமை பின்னேரம் அவன் தன் மூத்த சகோதரன் முனீப் காக்காவுக்குப் போனில் ஒழுங்கு சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நிஸா சீலைக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"ஜீப்புல ஆறு சீற். நான், நீ, மாமா, உன்ட ரெண்டு பொடியன்மார், என்ட மகன். கணக்காச் சரி. பொம்புளையள் குளத்தடியில நிண்டு ஆக்கட்டும். நாம காட்டுக்குள்ள போய்த் திரும்பி வரக்குள்ள புரியாணி சுடச்சுட இரிக்கும். நுஸ்ரத்தும் அங்கயே நிக்கட்டும். வெங்காயம் உரிக்க ஒரு ஆள் வேணுந்தானே?"

வெங்காயமாம் வெங்காயம்!

நுஸ்ரத்துக்கு வயது பதின்மூன்று. யானை என்ன தின்னும், சிறுத்தை எந்த மரத்தில் படுக்கும், அட்டை கடித்தால் எதைப் பூசுவது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு மாதமாக அவள் வாயில் வேறு கதையே இல்லை. அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் வெங்காயத்துக்கு முன்னால் இருத்துவதா? நிஸாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

தனக்கு நடந்ததை அவள் பொறுத்துக்கொண்டவள்தான். மூன்று தடவை மின்னேரியாவுக்குப் போயிருக்கிறாள். மூன்று தடவையும் யானையைக் காணவில்லை, புரியாணி ஆக்கும் கிடாரத்தைத்தான் கண்டாள். வீட்டு வான் வண்டியின் கடைசிச் சீற்றில் அவள் இருப்பாள், காலடியில் அந்தப் பெரிய கிடாரம் இருக்கும். கால் நீட்ட இடமில்லாமல் குந்தியபடியே போவாள். இறங்கியதும் கல் வைத்து அடுப்பு மூட்டுவாள். ஆண்கள் காட்டுக்குள் போய்விட்டு வந்து போனில் படம் காட்டுவார்கள். வெங்காயக் கண்ணீரோடு அந்தச் சின்னக் கண்ணாடியில் பார்த்ததுதான் அவள் பார்த்த யானை. ஒருதடவை நுவரெலியாவுக்கும் போனாள். அங்கே அவள் கண்டுகளித்த காட்சி, தங்கின வீட்டுக் குசினிக்குப் பின்னால் பாத்திரம் கழுவ இருந்த தண்ணீர்ப் பைப்பு.

பத்துப் பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய கிடாரம் என்று கேட்காதீர்கள். பயணத்தில் பசி கூடும் என்பது அப்ராஸின் கொள்கை. வழியில் சொந்தக்காரர் யாராவது வந்து சேருவார்கள் என்பது முத்தலிபின் கொள்கை. கிடாரத்தைக் கழுவுகிறவளுக்குக் கொள்கை எதுவும் இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சரி, வாயைத் திறந்து சொல்லவேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்தக் குடும்பத்தில் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பேசும் வழக்கம் இல்லை. அப்ராஸ் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து ஆறு வருஷம். இந்த ஆறு வருஷமும் நிஸா சீலைக்குப் பின்னால் நின்று, "மகள், மருமகனுக்குக் கறி போதுமா எண்டு கேளு" என்பாள். இரண்டு முழம் தள்ளியிருக்கும் அப்ராஸ், "போதும் எண்டு சொல்லு" என்பான். நடுவில் பஸ்மியா டெலிபோன் வயர் மாதிரி நிற்பாள்.

பஸ்மியா வாயில்லாப் பூச்சி. செவ்வாய்க்கிழமைகளில் பாலம் கடந்து டவுனுக்குத் தையல் வகுப்புக்குப் போய் வந்தாள், அது ஒன்றுதான் அவள் வெளியே கண்ட உலகம். நாலு மாதம் போனாள். ஒரு தலையணை உறையாவது தைத்துக்கொண்டு வந்தாளா என்றால் இல்லை. "இன்னும் வெட்டத்தான் பழகுறம் உம்மா," என்பாள்.

ஆகவே, நிஸா வாயைத் திறக்காமல் என்ன செய்யலாம் என்று யோசித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் வழி தானாகவே வேலியோரம் வந்து நின்றது.

பக்கத்து வீட்டு மைமூனாவின் மகளுக்கு அன்று அந்தி மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். விடிந்ததிலிருந்து லவுட்ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. மைமூனா மட்டும் தகர வேலியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்காத குறையாக நின்றாள்.

"என்ன கா மைமூனா, கல்யாண வீட்டுக்காரி மூஞ்சயா இது?"

"ராத்தா, வாடகைக்கு ரெண்டு கிடாரம் சொன்னா ஒண்டத்தான் அனுப்பியிரிக்கானுகள். இண்டைக்கி ராவைக்கும் ஆக்க வேணும், நாளைக்கும் மாப்பிள்ள வீட்டாக்கள் வாறாங்க, ஞாயித்துக்கிழமையும் விருந்து. நான் எதுல ஆக்கிற, சொல்லுங்க?"

நிஸா ஒரு மூச்சு இழுத்தாள்.

"என்ட கிடாரத்த எடு."

"அல்லாஹ்! நீங்க நாளைக்கி விடியப் பயணம் போறீங்களே?"

"நாங்க போறம். கிடாரம் போகல்ல."

மைமூனா நிஸாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் குடும்பத்தோடு பயணங்கள் போனவள்தான். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து கிடாரத்தைச் சரித்து உருட்டி, வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் தள்ளினார்கள். தகரத்தில் உரசிப் பெரிய சத்தம் வந்தது. லவுட்ஸ்பீக்கர் பாட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

கல்யாண வீட்டு அடுப்பில் ஏறிய பாத்திரத்தை விருந்து முடியும் முன் திருப்பிக் கேட்பது அந்தப் பக்கத்தில் இல்லாத வழக்கம். கேட்டால் கேட்ட வீட்டுப் பறக்கத், அல்லாஹ்வின் அருள், போய்விடும் என்பார்கள். இது நிஸாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தாள். வழக்கம் என்று சொல்லி இத்தனை வருஷம் அவள் வாயைக் கட்டினார்கள் அல்லவா, இன்றைக்கு அதே வழக்கத்தைக் கொண்டு அவர்கள் கையைக் கட்டினாள்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அப்ராஸ் சாமான் ஏற்றத் தொடங்கினான். பாய், தலையணை, தண்ணீர்க் கேன், அரிசி மூட்டை எல்லாம் வானில் ஏறின. பிறகு குசினிப் பக்கமிருந்து அவன் சத்தம் வந்தது.

"பஸ்மியா! கிடாரம் எங்க?"

சீலைக்குப் பின்னாலிருந்து நிஸா சொன்னாள்: "மகள், கிடாரம் கல்யாண வீட்டுல எண்டு சொல்லு."

"கல்யாண வீட்டுலயாம்," என்றாள் பஸ்மியா.

"என்ன? நாளைக்கிப் பயணம் எண்டு தெரியாதா? உடன போய் எடுத்துட்டு வரச் சொல்லு."

"மகள், கல்யாண வீட்டுக்குப் போன கிடாரத்தத் திருப்பிக் கேக்கிறதெண்டா மருமகனே போய்க் கேக்கட்டும் எண்டு சொல்லு. ஊரே அங்கதான் இரிக்கி."

அப்ராஸ் வேலியடிக்குப் போய் எட்டிப் பார்த்தான். கிடாரத்தில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தலையைக் கண்டதும் மைமூனா அகப்பையை உயர்த்திக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"இந்தா, கிடாரம் தந்த வீட்டு மருமகன்! தம்பி, அல்லாஹ் உங்களுக்குப் பறக்கத் செய்வான்!"

அடுப்படியில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் அப்ராஸ், "ஆமீன்" சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

ஆனால் அவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. முனீபுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு ஓட்டோ வந்து, கறுத்துத் தடித்த ஒரு சட்டியை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது. அப்ராஸ் இரண்டு கையையும் தட்டித் தூசியை உதறினான்.

"பிரச்சின முடிஞ்சிது எண்டு சொல்லு," என்றான் பஸ்மியாவிடம்.

நிஸா சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து நுஸ்ரத் தன் பள்ளிக்கூடப் பையோடு வந்தாள். பைக்குள் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், அட்டைக்குப் பூசச் சவர்க்காரம். ஜீப் ஒழுங்கு அவளுக்கு இன்னும் தெரியாது.

"உம்மா, யானைக்கிட்டப் போகக்குள்ள வெள்ளை உடுப்புப் போடக் கூடாதாம். நான் இந்தப் பச்சையப் போடட்டா?"

அவ்வளவுதான். நிஸா சீலையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு முன்வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"சட்டி வந்திட்டு மருமகன்," என்றாள். "கை வரல்ல."

அப்ராஸ் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பஸ்மியா பழக்க தோஷத்தில், "கை வரல்ல...யாம்," என்று தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

"மாமி... என்ன மாமி இது?"

"நான் மூணு தரம் மின்னேரியாக்குப் போயிரிக்கன். யானைட வாசம் எப்பிடியெண்டு கூட எனக்குத் தெரியா. அடுப்புக் கல்லு மட்டும் நல்லாத் தெரியும். இந்தத் தரம் நான் ஆக்க மாட்டன். நானும் ஜீப்புல ஏறுவன். பஸ்மியாவும் ஏறுவா. உங்கட காக்காட பொஞ்சாதி சப்ரினாவும் ஏறுவா. எல்லாருக்கும் முந்தி நுஸ்ரத் ஏறுவா. ஒரு ஜீப் காணாட்டி ரெண்டு ஜீப் பிடிங்க."

நுஸ்ரத்தின் முகம் சுண்டிப்போனது. "அப்ப என்ன ஏத்திற இல்லையா மச்சான்?" என்று கேட்டாள். அப்ராஸ் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"ஜீப் குலுங்கும் மாமி. பொம்புளையளுக்கு ஏலாது."

"புள்ள பெத்தவள்களுக்கா நீங்க குலுக்கத்தப் பத்திச் சொல்றீங்க?"

"காட்டுக்குள்ள எல்லாம் ஆம்புளையள்தான்..."

"இல்ல மச்சான்," என்றாள் நுஸ்ரத், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "யானைக் கூட்டத்தக் கூட்டிக்கிட்டுப் போறது வயசான பொம்புளை யானதான். ஆம்புள யான வளந்தா கூட்டத்த விட்டுப் போயிரும்."

"நீ வாய மூடு."

"அவ என்னத்துக்கு மூட வேணும்?" என்றாள் நிஸா.

அப்ராஸ் துருப்புச் சீட்டை எடுத்தான். "சரி மாமி. சாப்பாடு? வழியில ஹலாலா எங்க திங்கிற? அதுக்குத்தானே இவ்வளவு காலமும் நாம ஆக்கிற?"

"கந்தளாயில நம்மட ஆக்கள்ற கடை இரிக்கி. மாத்தளையில பள்ளிக்குப் பக்கத்துலயே இரிக்கி. நடுவுல பசிச்சா பாணும் வாழப்பழமும். ரெண்டு நாள் புரியாணி திங்காட்டி ஆரும் மவுத்தாகப் போறல்ல."

"மலை? உங்கட முழங்கால வெச்சிக்கிட்டு மலை ஏறுவீங்களா?"

நிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா விடியச் சுபஹு தொழுதிட்டுப் பாலத்தால அக்கரைக்கிப் போய்த் திரும்பி வாறன். நீங்க எழும்பக்குள்ள பிட்டும் அவிச்சு மேசையில இரிக்கி. அத வானத்துல இருந்து மலக்குமார் வந்து ஆக்கிட்டுப் போறாங்க எண்டா நினைச்சீங்க?"

பஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்ராஸுக்கு முகம் சிவந்துவிட்டது. மூலையில் கதிரையில் இருந்த முத்தலிபின் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

முத்தலிப் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகு ஓட்டி, கண்ணில் புரை விழுந்ததால் முந்தியே வேலையை விட்டவர். அந்தக் காசில் வாங்கின வான்தான் இது. இப்போது அவருக்கு வாசல் படியே மங்கலாகத்தான் தெரியும். தொண்டையைச் செருமினார்.

"மருமகன், டக்ல நான் பழகினது ஒண்டுதான். பெரிய கப்பல் திரும்பத் தொடங்கிட்டெண்டா குறுக்க நிக்கக் கூடாது."

கப்பல் என்று புருஷன் சொன்னது தன்னைத்தான் என்று விளங்கியபோது நிஸாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது.

 அப்ராஸ் பொக்கெற்றிலிருந்து வான் சாவியை எடுத்து மேசையில் வைத்தான். வைத்தான் என்ன, போட்டான்.

"சரி. நீங்க எல்லாரும் சேந்து முடிவெடுத்திட்டீங்க. அப்ப நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. மாமாக்குக் கண் விளங்காது. நான் இல்லாம இந்த வான் கேற்றத் தாண்டுமா எண்டு பாப்பம்."

இதை நிஸா எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கிடாரத்தை வெளியேற்றத் தெரிந்தவளுக்கு வானை வெளியேற்றத் தெரியாது. நுஸ்ரத் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.  ஒரு சொல் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு இந்தப் பிள்ளை வெங்காயத்தோடாவது மின்னேரியாவைக் காணும். விட்டுக்கொடுத்துவிடலாமா?

ஏலாது. இன்றைக்கு வெங்காயம் உரித்தால் கலியாணம் கட்டியும் வெங்காயம்தான் உரிப்பாள்.

"பஸ்ஸுல போவம்," என்றாள் நிஸா. "மின்னேரியாப் பக்கம் ஹபரணைக்கி பஸ் ஓடுதுதானே? நிண்டுக்கிட்டாவது போவம்."

அப்ராஸ் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவன் செய்த பிழை.

மேசைப் பக்கமிருந்து சாவிச் சத்தம் கேட்டது. பஸ்மியா சாவியைக் கையில் எடுத்திருந்தாள்.

"அத வை பஸ்மியா."

அவள் வைக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வான் கதவைத் திறந்து ஏறினாள். முதல் வேலையாகப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.

அந்த வளவின் வாசல் கேற் ஒடுக்கம். இடப்பக்கத் தூணில் ஒரு நீளமான வெள்ளைக் கீறல் இருக்கிறது, போன ஹஜ்ஜுப் பெருநாளன்று அப்ராஸ் வானைக் கொண்டுபோய் உரசியது. அந்தக் கேற்றால் வானைப் பின்னுக்கு எடுப்பதென்றால் அவனே இரண்டு பேரை வெளியில் நிறுத்திவைத்து, "வா வா, நில்லு நில்லு" என்று சத்தம் போடச் சொல்லித்தான் எடுப்பான்.

வான் உறுமியது. நிஸா "யா அல்லாஹ்!" என்று நெஞ்சில் கை வைத்தாள். முத்தலிப் பழைய பழக்கத்தில் எழும்பி வாசலுக்கு வந்து, கப்பலுக்குக் காட்டுகிறமாதிரிக் கையை உயர்த்தினார். வான் பின்னுக்குப் போனது. ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் முன்னுக்கு வந்து வளைந்தது. மறுபடியும் பின்னுக்குப் போய், இரண்டு தூணிலும் முட்டாமல் றோட்டில் ஏறி நின்றது. முத்தலிப் கையை மெல்ல இறக்கினார். கண் மங்கினாலும் அவருக்குக் காது நல்லாக் கேட்கும், உரசின சத்தம் எதுவும் இல்லை.

எல்லாரும் கேற்றடிக்கு ஓடினார்கள். கல்யாண வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்கள்.

"எங்க பழகினாய்?" என்று கேட்டான் அப்ராஸ்.

"தையல் வகுப்புல," என்றாள் பஸ்மியா. "லைசனும் எடுத்திட்டன்."

நாலு மாதம்!  நிஸா ஒரு கிடாரத்தை வேலிப் பொட்டால் உருட்டிவிட்டுத் தான் பெரிய புரட்சி செய்ததாகக் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாளே, இந்த வாயில்லாப் பூச்சி செவ்வாய்க்கிழமை தோறும் பாலம் கடந்து போய் என்ன காரியம் பார்த்து வந்திருக்கிறாள்! தனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று ஒரு சின்ன மனவருத்தம் எழுந்தது. அதை மிதித்துக்கொண்டு சந்தோஷம் வந்தது. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நுஸ்ரத் கூச்சல் போட்டுக்கொண்டு பின்கதவால் ஏறினாள். நிஸாவும் பழக்கத்தில் பின்கதவுப் பக்கம்தான் போனாள். கடைசிச் சீற் அவளுக்கென்றே குழிவிழுந்து கிடந்தது. கதவில் கை வைத்தவள் நின்றாள். சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, சாரதிக்குப் பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தாள். அந்த வான் வாங்கின நாளிலிருந்து அவள் இருக்காத இடம் அது. காலை நீட்டினாள். தடுக்க எதுவும் இல்லை. இன்னும் நீட்டினாள்.

பஸ்மியா கதவுக் கண்ணாடியை இறக்கிப் புருஷனைப் பார்த்தாள். ஆறு வருஷம் மற்றவர்களின் சொல்லைக் காவிச் சுமந்து திரிந்தவள், அன்று தன் சொல்லைச் சொன்னாள்.

"நாளைக்கி சுபஹு தொழுத கையோட வெளிக்கிடுறம். ரெண்டாவது ஜீப்புக்கு நான் கதைக்கிறன். நீங்களும் வந்தா எனக்குச் சந்தோசம். வராட்டியும் நாங்க போறம்."

 அப்ராஸ் முற்றத்துக்குத் திரும்பிப் போய், முனீபின் சட்டியைக் குனிந்து தூக்கினான். திருப்பிக் கொடுக்கத் தூக்கினானா, வானில் ஏற்றத் தூக்கினானா, முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேற்றைத் தாண்டி, நேரே நிஸா இருந்த பக்கத்து முன்கதவை நோக்கி நடந்து வந்தான்.

நிஸா நீட்டின காலை மடக்கவில்லை. கையை மட்டும் எட்டி, கதவின் பூட்டை உள்ளே இருந்து அழுத்தினாள்.